கையொப்பத்துக்கு முன் வாய்க்காலைப் பாருங்கள்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை இலங்கை அரசாங்கம் தடை செய்தது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகத்தைக் காப்பாற்றக் காலம் கடந்திருந்தது. 2021இல் 50 இலட்சம் தொன்னைத் தாண்டிய நாட்டின் நெல் விளைச்சல் 2022இல் ஏறத்தாழ 34 இலட்சமாக விழுந்தது. யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளிப்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று சேதன விவசாயம் கட்டளையாக வந்தது. இனி ஏற்றுமதி நிறுவனங்களின் ஒப்பந்தமாக வரலாம். சேதன அரிசிக்கு வெளிநாட்டில் கூடிய விலை உண்டு என்பது உண்மைதான். அந்த விலை யார் கைக்கு வரும் என்பதே மருதமுனை, கல்முனை வயற்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் காலம். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சேதனப் பயிராக விதைக்குமுன் இரண்டு வருடம் அந்தக் காணி விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, அறுவடைக்கு முந்திய மூன்று வருடம் தடை செய்த எதுவும் காணியில் படக்கூடாது. இடைப்பட்ட போகங்களில் விளைச்சல் குறையும், ஆனால் நெல்லைச் சேதனம் என்று விற்க முடியாது. சொந்தக் காணிக்காரர் இதைத் தாங்கிக்கொள்ளலாம். போகத்துக்குப் போகம் குத்தகைக்குச் செய்பவர்? இரண்டாம் வருடம் காணி கைமாறினால் அவர் பட்ட நட்டம் காணிக்காரரின் இலாபமாகிவிடும்.

தண்ணீர் இதைவிடச் சிக்கலானது. நம் பக்கத்து வயல்களுக்குக் கல்லோயாத் திட்டத்துத் தண்ணீர் வாய்க்காலால் வந்து, வயலுக்கு வயல் வடிந்து போகிறது. மேல் வயலில் அடித்த எண்ணெய் (பூச்சிகொல்லி, களைகொல்லி) கீழ் வயலுக்கும் வரும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் பாதுகாப்புக்கென்று ஓரம் விட்டால் மிஞ்சுவது கொஞ்சம். நெல்லில் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டால், அடித்தவர் அல்ல, கீழே இருப்பவரே சேதனச் சான்றிதழை இழக்கக்கூடும். ஆகவே நெல்லுக்குத் தனியாள் சான்றிதழ் இங்கே சரிவராது என்பதே என் முடிவு. முழு வயல்வட்டையும் சேர வேண்டும், அல்லது தொடங்கவே கூடாது.

பரிசோதனைச் செலவும் தனியாளால் தாங்கக்கூடியதல்ல. அதனால்தான் குழுச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் சான்றிதழ் ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில் இருந்தால், அந்த நிறுவனத்தை விட்டு விலகும் விவசாயியின் நெல் மறுநாளே சாதாரண நெல்லாகிவிடும். வருடக்கணக்கில் உழைத்தவர் கையில் எதுவும் இராது. 2025 முதல் நம் நாடு போன்ற நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 சட்டம், குழு சட்டப்படி தனி அமைப்பாக இருக்க வேண்டும், அதில் விவசாயிகளே உறுப்பினராக வேண்டும், 2000 பேருக்கு மேற்படக்கூடாது என்கிறது. சிறு விவசாயிக்கு இதில் ஒரு பிடி இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

அப்படியொரு குழு அமையும்வரை விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் இருக்கிறது. அது உரத்தை முற்றாக விலக்கச் சொல்வதில்லை, அளவையும் பதிவையும் கேட்கிறது. அந்தப் பதிவுக் கொப்பி பழகாதவருக்குச் சேதனச் சான்றிதழ் எட்டாது.

ஒப்பந்தத்தோடு யாராவது வந்தால் வட்டைக் கூட்டத்தில் வைத்து மூன்றைக் கேளுங்கள்: சான்றிதழ் யார் பெயரில்? மாறும் வருடங்களின் நட்டம் யாருக்கு? பக்கத்து வயலின் எண்ணெய்க்கு யார் பொறுப்பு? பதிலைத் தமிழில் எழுதி வாங்காமல் கையொப்பம் வைக்காதீர்கள்.