சாத்தனூர் ஷட்டரும் வாஷிங்டன் வரியும்

2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஃபெஞ்சல் புயல் கரையேறி இரண்டு நாள்கூட ஆகவில்லை. கொட்டித் தீர்த்தது ஊத்தங்கரைப் பக்கம். தென்பெண்ணை வழியே வந்து நனைத்தது கடலூர்க் குடோன்களை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று பார்த்த மாவட்டம் இது. ஆனாலும் கடை போடும்போது வாடகையையும் அட்வான்ஸையும் விசாரிக்கிற அளவுக்கு, 2015-இல் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று யாரும் விசாரிப்பதில்லை.

தொழிலை அசைக்கிற வெளிக் காரணம் எல்லாமே ஆற்றோடு வருவதில்லை. சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் வளர்ப்பவர் வனாமி குஞ்சு விட்டால் பிடிக்க ஏறக்குறைய நூறு நாள் ஆகும். 2025 மே கடைசியில் குஞ்சு விட்டவர் ஒரு விலையை நம்பித்தான் விட்டிருப்பார். ஆகஸ்ட் 7 அன்று இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. 27-ஆம் தேதி அது 50 ஆனது. இறாலை விற்காமல் குட்டையிலேயே வைத்திருக்கவும் முடியாது. தீவனச் செலவு ஏறும், நோய் பயமும் உண்டு. எல்லாக் குட்டையிலும் ஒரே நாளில் குஞ்சு விடாமல் இடைவெளி விட்டிருந்தால் அடி குறைந்திருக்கும். பண்ருட்டி முந்திரி ஆலைகளுக்கும் இதே கதைதான். ஆப்பிரிக்கக் கொட்டையை டாலர் கொடுத்து வாங்க வேண்டும். இறக்குமதி வரியை டெல்லி தீர்மானிக்கும்.

இவற்றைத் தடுக்க நம்மால் ஆகாது. நஷ்டத்தை யார் சுமப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே ஓரளவு தீர்மானிக்கலாம்.

முதலில் காப்பீடு. வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்த பாலிசியைப் பலர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதிலுள்ள முகவரி இப்போதைய குடோனுடையதுதானா? புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கின்றனவா? 20 லட்ச ரூபாய்ச் சரக்கை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், 4 லட்சம் நஷ்டத்துக்குக் கைக்கு வருவது 2 லட்சம்தான். 5 கோடி வரையிலான சொத்துக்கு உள்ள ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில் 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தால் இந்த வெட்டு கிடையாது.

தண்ணீர் வடிந்ததும் கழுவிவிடத்தான் கை போகும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி படம் எடுங்கள்; சர்வேயர் பார்க்கும்வரை நனைந்த மூட்டைகளை வீசாதீர்கள். ஸ்டாக் புத்தகமும் பில்லும் அதே குடோனில் ஊறிப்போனால் கணக்குக் காட்ட வழியில்லை. மாதாமாதம் மின்னஞ்சலில் ஒரு படி போட்டு வையுங்கள். எழுத்தில் கொடுத்த புகாரைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், அல்லது ஒரு மாதம் பதில் தராவிட்டால், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். குறுந்தொழிலுக்கும் தனி உரிமையாளருக்கும் 50 லட்சம் வரை இழப்பீடு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. ஓராண்டுக்குள் போக வேண்டும்.

கடன் தவணையை மாற்றியமைக்கச் சொல்லி வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். இயற்கைப் பேரிடருக்கென ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இருக்கிறது. அது தள்ளுபடி அல்ல, தவணை மாற்றம் மட்டுமே.

வெளியே அடி விழுந்தால், வாங்கியவர் முதலில் நிறுத்துவது சிறு ஆலைக்காரரின் பணத்தைத்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள வசதிக் கவுன்சிலில் மனு செய்யலாம். அதன் தீர்ப்பை வாங்கியவர் கோர்ட்டில் எதிர்க்க வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டியாக வேண்டும். இத்தகைய தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவை இலவசமாகவே செய்யலாம். சரக்கு அனுப்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஆனால் இந்த 45 நாள் பாதுகாப்பு உற்பத்தியாளருக்கும் சேவைத் தொழிலுக்கும்தான். வாங்கி விற்கும் கடைக்காரர் உத்யம் எண் வைத்திருந்தாலும் அவருக்குக் கிடைப்பது முன்னுரிமைக் கடன் சலுகை மட்டுமே. சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும்போதே கெடுவையும் வட்டியையும் பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வதுதான் அவருக்கு உள்ள வழி.