வளர்ப்பு நாயை இழந்த வீடும் அடுத்த நாயும்

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள புர்ஸஹோம் என்னும் மேட்டில் 1960-ஆம் ஆண்டு தொடங்கி 1971 வரை இந்தியத் தொல்பொருள் ஆராய்ச்சித் துறையினர் அகழ்வு நடத்தினர். புதிய கற்கால மக்கள் வாழ்ந்த இடம் அது. அங்குக் காணப்பட்ட குழிகள் சிலவற்றில் மனிதரின் எலும்புகளோடு நாயின் எலும்புகளும் கிடந்தன. இவ்வாறு புதைத்ததற்குச் சமயச் சடங்கு காரணமாயிருக்கலாம். ஆயினும் இறந்த நாயை வெளியே எறிந்துவிடாமல் குழி வெட்டிப் புதைத்தனர் என்பதில் ஐயமில்லை.

இதனினும் பழைமையான சான்று ஜெர்மனியில் உள்ளது. பான் நகரையடுத்த ஓபர்காஸல் என்னுமிடத்தில் 1914-இல் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளுடன் நாய்க்குட்டி ஒன்றின் எலும்புகளும் கிடைத்தன. இவற்றின் வயது ஏறக்குறைய 14,000 ஆண்டுகள். அக்குட்டியின் பற்களை 2018-இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயால் பல வாரங்கள் வருந்தியிருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். ஒருவர் அருகிருந்து நீர் புகட்டித் துடைத்துப் பேணாமல் அந்நோயில் ஒரு குட்டி அத்தனை வாரம் உயிர் தாங்குதல் அரிது. வேட்டைக்கும் காவலுக்கும் சிறிதும் உதவாத நிலையில் கிடந்த குட்டியை மனிதர் காத்திருக்கின்றனர்.

நாயின் பிரிவால் வருந்துபவரைப் பார்த்து, ‘ஒரு பிராணிக்காகவா இவ்வளவு?’ என்று கேட்போர் உளர். இவ்வருத்தத்திற்கு உடலியல் அடிப்படை உண்டு. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் உற்று நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோஸின் என்னும் ஹார்மோன் மிகுவதை 1915-ஆம் ஆண்டுக்கு நூறாண்டு கழித்து, அதாவது 2015-இல், ஜப்பானிய விஞ்ஞானிகள் வெளியிட்டனர். தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்ப்பதில் பங்கு கொள்வதும் இதே ஹார்மோன்தான். காலையில் கதவைத் திறந்ததும் எழுந்து வரும் ஒன்று, மாலையில் வாயிலில் காத்திருக்கும் ஒன்று, ஒரு நாள் இல்லாமற் போகுமானால் அந்த வேளைகள்தோறும் உடலே அதனை எதிர்பார்க்கிறது. மனித உறவினர் மறைந்தால் சுற்றத்தார் வருவர். அலுவலகத்தில் விடுப்புக் கிடைக்கும். சடங்குகள் நாட்களை நடத்திச் செல்லும். நாய் இறந்த வீட்டிற்குத் துக்கம் விசாரிக்க எவரும் வருவதில்லை. சமூகம் ஏற்றுக்கொள்ளாத இத்தகைய துயரத்திற்கு அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் தனிப்பெயரே இட்டார். வெளியே சொல்ல இயலாத துயரம் நீடிக்கும் என்பது அவர் கருத்து.

இனி, அடுத்த நாய். பெற்றோர் பலர் குழந்தையின் அழுகையைக் காணப் பொறாமல் மறு வாரமே ஒரு குட்டியைக் கொண்டு வருகின்றனர். அன்பினால் செய்யும் செயலே எனினும், முன்னைய நாய் எதனால் இறந்தது என்று அறியாமல் இதனைச் செய்தல் தகாது. களப்பணியாளர் அவ்வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

பார்வோ என்னும் வைரஸ் நோய் 1978-இல் உலகின் பல பகுதிகளில் புதிதாகத் தோன்றி, சில ஆண்டுகளுக்குள் இந்தியாவிலும் பரவியது. கடும் வாந்தியும் துர்நாற்றமுடைய இரத்தக் கழிச்சலும் அதன் அறிகுறிகள். நோயுற்ற குட்டியின் மலத்தில் வெளிப்படும் வைரஸ், நிழலான ஈர மண்ணில் பல மாதங்கள், சில இடங்களில் ஓராண்டு வரையிலும், அழியாமல் இருக்கும். டிஸ்டெம்பர் வைரஸோ வெளியில் நெடுநேரம் தாங்குவதில்லை. வெயிலும் உலர்வும் அதனை விரைவில் அழித்துவிடும். இவ்வேற்றுமைக்குக் காரணம் எளிது. டிஸ்டெம்பர் வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. சோப்பு அதனைக் கரைத்துவிடும். பார்வோ வைரஸுக்கு அவ்வுறை இல்லை. ஆகவே சோப்புக்கும் வீடுகளில் வழக்கமாகத் தெளிக்கும் பினாயிலுக்கும் அது எளிதில் மசிவதில்லை. வீடு முழுதும் பினாயில் மணம் கமழ்வதைக் கண்டு மனநிறைவு கொள்வோர் இதனை அறிதல் நலம்.

சிமெண்டுத் தரையை முதலில் நன்றாகக் கழுவி அழுக்கை நீக்கிய பின், 5 சதவீத ஸோடியம் ஹைப்போகுளோரைட் அடங்கிய வெளுப்பு நீரில் ஒரு பங்கிற்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாக விட்டுவைத்தால் வைரஸ் அழியும். கழுவாத தரையில் இம்மருந்து பயன் தராது. மண் தரையிலும் பயன் குறைவு. மண் முற்றமுள்ள கிராம வீட்டில் பார்வோவால் ஒரு குட்டி இறந்திருக்குமாயின், ஓராண்டு வரை வேறு குட்டி கொணராதிருத்தலே தக்கது. இல்லையேல் முதல் குட்டிக்கு அழுத குழந்தை பத்து நாட்களுக்குள் இரண்டாவதற்கும் அழ நேரும்.

தடுப்பு ஊசி போட்ட குட்டியாயின் அச்சமில்லையே என்று கேட்கலாம். குட்டி சீம்பாலின் வழியே தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புப் பொருள்கள் சில வாரங்கள் அதன் இரத்தத்தில் இருக்கும். அவை நோயைத் தடுப்பதுபோலவே தடுப்பு மருந்தையும் செயலற்றதாக்கிவிடும். அவை எப்பொழுது நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால், 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்திற்கு ஒரு முறையாக, 16 வார வயது வரை ஊசி போடுகின்றனர். ஓர் ஊசியுடன் நிறுத்திவிட்ட குட்டியைப் பாதுகாப்புப் பெற்றதாகக் கருதுதல் பிழை.

உண்ணிக் காய்ச்சலால் நாய் இறந்த வீட்டில் சுவர் வெடிப்புகளை நோக்க வேண்டும். நாய் உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் உயிர் வாழும். எலிக் காய்ச்சலாயின் முதலில் எலிகளை ஒழிக்க வேண்டும். வாகனத்தில் அடிபட்டு இறந்ததாயின் வாயிற்கதவைச் செப்பனிடுவதே போதும்.

வெறிநோய் ஐயம் உள்ள இடத்தில் நிலைமை முற்றிலும் வேறு. நாய் தன் இயல்பு மாறி, குரல் கம்மி, எச்சில் ஒழுக, விழுங்க இயலாமல், சில நாட்களுக்குள் இறந்திருப்பின் அதனை வெறுங்கையால் தொடலாகாது. கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவிக்க வேண்டும். அந்நாயால் கடியோ கீறலோ பட்டவரும், காயத்திலோ கண், வாய் முதலிய மென்மையான பகுதிகளிலோ அதன் எச்சில் பட்டவரும், அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தசையில் போடும் முறையில் முதல் நாளை 0 எனக் கொண்டு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஊசி போடப்படும். தேவையாயின் மருத்துவர் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் செலுத்துவார். நோய்க்குறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது.

இவ்விடத்தில் ஆசிரியரின் பங்கு பெரிது. தான் நேசித்த நாயின்மேல் பழி வருமே என்று அஞ்சி, அது இறப்பதற்கு முன் தன் கையைக் கீறியதை மறைக்கும் சிறுவன் எந்த வகுப்பிலும் இருக்கக்கூடும். ஏசுவோரிடம் அவன் சொல்லமாட்டான். ‘உன் நாய் எப்படி இருந்தது, கடைசி நாட்களில் யார் சோறு வைத்தீர்கள்?’ என்று பொறுமையாகக் கேட்பவரிடம் சொல்லிவிடுவான். அவன் துயரத்தை மதித்துக் கேட்கப்படும் ஒரு கேள்வி உயிரையே காக்கலாம்.

இறப்பைக் குழந்தைகள் எவ்வாறு உணர்கின்றனர் என்பதைப் பற்றி ஹங்கேரி நாட்டு உளவியலார் மரியா நாகி 1948-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 5 வயதுக்குட்பட்டோர் இறந்தது திரும்பி வரும் என்றே பெரும்பாலும் எண்ணுகின்றனர் என அவர் கண்டார். அவ்வயதினரிடம் ‘நாய் தூங்குகிறது’ என்றோ ‘ஊருக்குப் போயிருக்கிறது’ என்றோ சொன்னால், குழந்தை வாயிலில் காத்திருக்கும். அல்லது தானே தூங்க அஞ்சும். ‘அது இறந்துவிட்டது, இனி மூச்சு விடாது, அதற்கு வலியும் இல்லை’ என்று உள்ளதைச் சொல்வதே நன்று. நாயின் படம் வரையவும் அதனைப் பற்றிக் கட்டுரை எழுதவும் வகுப்பில் இடமளிக்கலாம். புதிய நாய்க்குப் பழைய பெயரையே இடுவது வழக்கமாயிருப்பினும் அது விரும்பத்தக்கதன்று. புதியது பழையதைப்போல் நடவாத ஒவ்வொரு முறையும் குழந்தை ஏமாறும்.

வீட்டில் மற்றொரு நாய் உயிருடன் இருக்குமாயின் அதனையும் கவனிக்க வேண்டும். இத்தாலியில் 426 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், துணை நாய் இறந்த பின் எஞ்சிய நாய் விளையாட்டிலும் உணவிலும் நாட்டம் குறைந்து, வளர்ப்பவரையே மிகுதியாக நாடியதாகப் பெரும்பாலோர் கூறினர். இரை எடுக்காத நாய்க்கு அதே நோய் தொற்றியிருக்கவும் கூடுமாதலால், துயரம் என்று கொண்டு வாளாவிருத்தலாகாது.

அடுத்த நாய் குட்டியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பார்வோ பெரும்பாலும் 6 வாரம் முதல் 6 மாதம் வரையுள்ள குட்டிகளையே தாக்குகிறது. ஆகவே பிராணிகள் காப்பகத்தில் உள்ள, முறையாகத் தடுப்பு ஊசி போடப்பட்ட, வயதுவந்த நாட்டு நாயை ஏற்கும் வீடு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதில்லை. ‘எனக்குப் பின் இதனை யார் பார்ப்பார்?’ என்று தயங்கும் முதியோருக்கும் ஏழெட்டு வயது நாய் பொருந்தும். குட்டியே வேண்டுமெனில் 8 வாரம் நிறைவதற்கு முன் தாயிடமிருந்து பிரித்தலாகாது. வெறிநோய்த் தடுப்பு ஊசியை 3 மாத வயதில் போட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் காலத்தில் தொடர வேண்டும்.

தொற்றுநோயால் இறந்த நாயின் சாக்கையும் துணியையும் எரித்துவிட வேண்டும். உலோகத் தட்டைச் சோப்பிட்டுக் கழுவி மேற்கூறிய குளோரின் நீரில் 10 நிமிடம் ஊறவைத்தால் மீண்டும் பயன்படுத்தலாம். தோலாலான கழுத்துப்பட்டையை அவ்வாறு தூய்மை செய்ய இயலாது. அதனை நினைவாக வைத்துக்கொள்ள விரும்புவோர் உறையிலிட்டுக் கட்டிப் பெட்டியில் வைக்கலாம். புதிய நாயின் கழுத்தில் பூட்டலாகாது.