இந்தச் செடிக்கு எந்த ஊர்?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில் நெய்யாற்றின்கரை, பாறசாலை தாண்டினால் களியக்காவிளை. 1956-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தாலுகா தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்கே அறிமுகமாகும் எவரிடமும் முதல் கேள்வி, "எந்த ஊர்?"

கேரள நர்சரிகளில் தொங்கும் ஒரு செடியிடமும் அதைக் கேட்கத்தான் வேண்டும். பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் குடுவைச் செடி அது. தாவரவியல் பெயர் நெப்பந்தஸ். இத்தகைய செடிகளுக்கு மலையாளத்தில் 'இரபிடியன்' என்று பெயர். இரை பிடிப்பவன் என்று தமிழனுக்கும் உடனே புரிந்துவிடும்.

குடுவை பூவல்ல, இலை நுனியின் மறு உருவம். விளிம்பில் சுரக்கும் தேனுக்கு வரும் எறும்பு வழுக்கி விழுந்தால் உள்ளிருக்கும் நீர் அதைச் செரித்துவிடும். சத்தற்ற மண்ணில் பிழைக்க இதுவே வழி. புறஊதா ஒளியில் குடுவையின் விளிம்பு நீலமாக ஒளிர்வதையும், அதை மறைத்தால் இரை குறைவதையும் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வு நடந்தது வெளிநாட்டில் அல்ல. இதே மாவட்டத்தின் பாலோட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு மழை பெய்தும் மேற்குத் தொடர்ச்சி மலையில் நெப்பந்தஸ் இயற்கையாக வளர்வதில்லை. தெற்கே இலங்கையின் ஈரக் காடுகளில் ஓர் இனம் உண்டு: 1753-இல் லின்னேயஸ் பெயர் சூட்டிய டிஸ்டிலாடோரியா. வடகிழக்கே மேகாலயாவில் இன்னொன்று: காசியானா. இந்தியாவுக்கென்று இருப்பது இது ஒன்றே. காரோ மக்கள் இதை 'மெமாங் கோக்சி', பேய்க்கூடை, என்கிறார்கள். முன்னது தாழ்நில வெக்கைக்குப் பழகியது. பின்னது குளிர்காலம் உள்ள மலைவாசி.

நர்சரித் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் இரண்டுமல்ல. பிலிப்பைன்ஸ் இனங்களைக் கலந்து உருவாக்கிய ஒட்டுறவு. வளர்ப்பதும் எளிது. தேங்காய் நார்த்துண்டும் கரியும் போதும். மழைநீர் ஊற்றலாம், உப்பேறிய கிணற்று நீர் ஆகாது. உரம் வேண்டாம். சோறோ இறைச்சியோ போட்டால் குடுவை அழுகும்.

"அசல் காசியானா" என்று யாராவது நீட்டினால்தான் எச்சரிக்கை தேவை. சுரங்கங்களாலும் காடழிப்பாலும் செடியைப் பிடுங்கி விற்பதாலும் அது அருகிவிட்டது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதை வளர்ப்பதும் விற்பதும் குற்றம். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால் மலையிலிருந்து பிடுங்கும் ஒவ்வொரு செடியும் அங்கே விதை பிடிக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

எந்த மலையிலிருந்து வந்தது என்ற குறிப்பு தொலைந்த செடியை நாளை அதே மலையில் திரும்ப நடவும் முடியாது. ஆகவே விலை கேட்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள். எல்லைக்காரர்களுக்கு இது புதிய பழக்கமல்ல.