வளையம் கழலும் நாள்

திடீரென்று இரத்தம் கக்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுகிறார்கள். வைத்தியர் எண்டோஸ்கோப் குழலை வாய்வழியே செலுத்தி, உணவுக் குழலில் புடைத்து ஒழுகும் நாளத்தைக் கண்டு கட்டிவிடுகிறார். உயிர் தப்பியது, அபாயம் ஒழிந்ததென்று குடும்பத்தார் வீடு திரும்புகின்றனர். அபாயம் இன்னும் ஒழியவில்லை என்பதை அவர்களுக்கு விளங்கச் சொல்லுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது நமது அபிப்பிராயம்.

நோயின் மூலம் உணவுக் குழலில் இல்லை, ஈரலில் இருக்கிறது. குடியினாலோ, பி, சி வகைக் காமாலைக் கிருமிகளாலோ, கொழுப்பு மிகுந்தோ ஈரல் தழும்பேறிக் கெட்டிப்படும்போது, குடலிலிருந்து அங்கே செல்லும் இரத்தம் தடைப்பட்டுப் பக்க வழி தேடுகிறது. உணவுக் குழலின் மெல்லிய நாளங்கள் அச்சுமையைத் தாங்கமாட்டாமல் புடைத்து வெடிக்கின்றன.

1939-ல் சுவீடனைச் சேர்ந்த கிராஃபோர்ட், ஃப்ரெங்க்னர் என்ற இருவர், இந்நாளங்களில் ஊசியால் மருந்தேற்றி அடைக்கும் முறையை வெளியிட்டனர். பின்னாளில் அது உலகெங்கும் பரவிற்று. மருந்தோ நாளத்தோடு நிற்கவில்லை. குழலைப் புண்ணாக்கிற்று, புண் ஆறிய இடம் சுருங்கி, சோறு இறங்காமற் செய்தது, சிலருக்குக் குழலே துளைபட்டு மார்பினுள் சீழ் பிடித்தது. 1980-களில் அமெரிக்காவில் ஸ்டீக்மன் என்பவர் நாளத்தை ரப்பர் வளையத்தால் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். 1992-ல் அவரும் பிறரும் வெளியிட்ட ஒப்பீட்டில், சிகிச்சையால் விளைந்த கோளாறு ஊசி முறையில் 22 சதவிகிதம், வளைய முறையில் 2 சதவிகிதம். இது மகத்தான முன்னேற்றமே.

ஆயினும் வளையம் செய்வதென்ன? நாளத்தின் கழுத்தை நெரிக்கிறது. சிக்கிய சதை செத்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளையத்தோடு உதிர்கிறது. அவ்விடத்தில் புண் உண்டாகிறது. அதற்குள் நாளம் நன்கு அடைபட்டிருந்தால் புண் தானே ஆறும். இல்லையேல் அப்புண்ணிலிருந்தே இரத்தம் பாயும். இவ்விபத்து சிலருக்கே நேருகிறது. ஆனால் ஈரல் மிகவும் கெட்டவர்களுக்கே அதிகம் நேருகிறது. அதைத் தாங்கும் சக்தி அவர்களுக்கே குறைவு. கட்டிய பின் சில நாள் நெஞ்சு வலிப்பதும் விழுங்கச் சிரமப்படுவதும் சகஜம். மலம் தார்போல் கறுத்தால் அது சகஜமன்று; அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

ஒரு தடவையோடு காரியம் முடிவதுமில்லை. நாளங்கள் மறையும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறை கட்டவேண்டும்; மறைந்தவையும் திரும்பத் தோன்றும். புரொப்ரனலால் போன்ற மாத்திரையை வைத்தியர் கொடுத்திருந்தால், உடம்பு தேறிவிட்டதென்று தாமாக நிறுத்தலாகாது. தினக்கூலிக்காரனுக்கு ஒவ்வொரு தவணையும் கூலி இழப்பு என்பதை நாம் அறிவோம். காரணம் விளங்காவிட்டால் அவன் ஏன் வரப்போகிறான்?

1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜ்யம் இது. 2003 முதல் சர்க்கார் கார்ப்பொரேஷனே சில்லறைக் கடை வைத்து மது விற்கிறது. கடையும் சர்க்காருடையது, வளையம் போடும் பெரிய ஆஸ்பத்திரியும் சர்க்காருடையது! விற்ற பணத்தில் ஒரு துளி அச்சுக்கூலிக்குப் போகட்டும். எத்தனை வளையம் போடப்பட்டது, எந்த நாட்களில் கழலும், எந்த அறிகுறி கண்டால் திரும்பி வரவேண்டும், அடுத்த தவணை என்று என்னும் நான்கு விஷயங்களையும் தெளிந்த தமிழில் சீட்டாக அச்சிட்டு, நோயாளியின் மனைவி கையிலோ தாயார் கையிலோ கொடுத்து, படித்தும் காட்டியனுப்ப வேண்டும்.