சிவாலய ஓட்டம்: மண்பாதை ஓட்டம் தொடங்குவோருக்கு ஓர் அறிமுகம்

சிவாலய ஓட்டம், கன்னியாகுமரி மாவட்டத்தில் மாசி மாத மகா சிவராத்திரியை ஒட்டி நடைபெறும் வழிபாட்டு ஓட்டம். பழைய கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் உள்ள 12 சிவன் கோயில்களைப் பக்தர்கள் ஓட்டமும் நடையுமாகச் சென்று வழிபடுகின்றனர். தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்துத் தூரம் மாறும். ஏறத்தாழ 100 கி.மீ. என்று கொள்ளலாம். இது 42.195 கி.மீ. கொண்ட மாரத்தான் ஓட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எனவே நெடுந்தூர ஓட்டத்தைப் புதிதாகப் பழக விரும்புவோர் இதிலிருந்து கற்க நிறைய உண்டு.

கோயில்களும் வழியும்

முஞ்சிறைக்கு அருகிலுள்ள திருமலையில் ஓட்டம் தொடங்குகிறது. அடுத்து திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்ற வரிசையில் சென்று திருநட்டாலத்தில் முடிகிறது.

வழி ஒரே தன்மையுடையது அல்ல. திக்குறிச்சி தாமிரபரணி எனப்படும் குழித்துறையாற்றின் கரையிலும், திற்பரப்பு கோதையாற்று அருவியின் பக்கத்திலும் உள்ளன. திருநந்திக்கரை, பொன்மனை பகுதிகளில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி. கல்குளம் கோயில் பத்மநாபபுரத்திலும், மேலாங்கோடு வேளிமலை அடிவாரத்திலும் இருக்கின்றன. முன்பு ஒற்றையடிப் பாதைகளும் வயல்வரப்புகளுமாக இருந்த வழியில் பெரும்பகுதி இன்று தார்ச்சாலை.

ஐதீகமும் நடைமுறையும்

வழங்கிவரும் கதையின்படி, சிவபக்தனான புருஷாமிருகத்திடம் பீமன் அனுப்பப்படுகிறான். கண்ணன் அவனிடம் 12 உருத்திராட்சங்களைக் கொடுக்கிறான். ‘கோவிந்தா, கோபாலா’ என்று பீமன் அழைத்ததும் சினங்கொண்ட புருஷாமிருகம் துரத்துகிறது. பிடிபடும் நிலையில் பீமன் ஓர் உருத்திராட்சத்தைக் கீழே வைக்க, அது சிவலிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்று வழிபடும் நேரத்தில் பீமன் மேலும் ஓடுகிறான். இப்படி 12 இடங்களில் நிகழ்ந்தது என்பது ஐதீகம். அரியும் சிவனும் ஒன்று என்பதை உணர்த்த இது நடந்ததாகக் கூறுவர்.

ஓடுவோர் ‘கோவிந்தன்மார்’ எனப்படுகின்றனர். விரதமிருந்து, காவி அல்லது மஞ்சள் உடையும் பனையோலை விசிறியும் கொண்டு, ‘கோவிந்தா, கோபாலா’ என்று குரல் எழுப்பியபடி செல்கின்றனர். சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலையில் புறப்பட்டு, சிவராத்திரி இரவில் நிறைவு செய்வது வழக்கம். வழியோர மக்கள் மோரும் பானகமும் சுக்குநீரும் தருகின்றனர்.

இந்த அமைப்பில் ஓட்டப் பயிற்சியின் அடிப்படை அடங்கியிருக்கிறது. 100 கி.மீ. தூரத்தை யாரும் ஒரே மூச்சில் ஓடுவதில்லை. அது பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் முடிவிலும் நின்று, குளித்து, நீர் அருந்திய பிறகே அடுத்தது தொடங்குகிறது. வேகத்தைவிட நிறுத்தமே இங்கு முக்கியம். ஆனால் கூட்டத்தின் உற்சாகத்தில், பயிற்சியின்றி முழுத் தூரத்துக்கும் இறங்குவது உடலுக்கு ஆபத்தானது. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடைபெறும், சுமார் 90 கி.மீ. நீளமுள்ள காம்ரேட்ஸ் ஓட்டத்தில் கலந்துகொள்ள, முன்னதாக ஒரு மாரத்தானையாவது குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்திருக்க வேண்டும்.

பயிற்சியைத் தொடங்குதல்

தார்ச்சாலையை விட்டு மண்பாதை, ஆற்றங்கரை, தோட்டம், மலைச்சரிவு ஆகியவற்றில் ஓடுவதே மண்பாதை ஓட்டம். இது டிரெயில் ரன்னிங் என்றும் அறியப்படுகிறது. மாசியில் ஓட விரும்புவோர் கார்த்திகையிலேனும் பயிற்சியைத் தொடங்க வேண்டும். அப்போது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் பாதை வழுக்கும். எனவே மேடுபள்ளமற்ற மண்சாலையில் தொடங்குவது நல்லது.

முதல் வாரங்களில் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் போதும். வாரத்துக்கு 3 நாள் ஓடி, இடையில் ஓய்வு கொள்ள வேண்டும். ஓடும்போது பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சு முட்டினால் குறைக்க வேண்டும். வாராந்தரத் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமலிருப்பது பாதுகாப்பான வழிமுறை.

ஏற்றத்தில் நடப்பது குறையல்ல. அனுபவம் உள்ளவர்களும் அப்படியே செய்கின்றனர். இறக்கத்தில் அடிகளைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கி இறங்க வேண்டும். பார்வை காலடியில் இல்லாமல் சில எட்டுகள் முன்னே இருந்தால் வேரும் கல்லும் முன்கூட்டியே தெரியும்.

முதல் இலக்காகக் கல்குளத்திலிருந்து மேலாங்கோடு வரையிலான குறுகிய தூரத்தைக் கொள்ளலாம். முதல் ஆண்டில் அடுத்தடுத்த மூன்று அல்லது நான்கு கோயில்கள் போதும். மற்றவற்றை வரும் ஆண்டுகளுக்கு விடலாம்.

காலும் உடையும்

வெறுங்காலில் ஓடுவது மரபு. ஆனால் காலணியே பழகிய பாதம் ஒரே நாளில் அதற்குத் தயாராகாது. பகல் வெயிலில் தார் கொதிக்கும்போது கொப்புளம் எழும். வெறுங்காலில் செல்ல விரும்புவோர் பல வாரம் மண்ணில் நடந்து பாதத்தைப் பழக்க வேண்டும். பயிற்சிக்கு அடிப்பகுதியில் பிடிப்புள்ள காலணி ஏற்றது. ஈர உடையுடன் நெடுநேரம் ஓடினால் தொடையிடுக்கு உராய்ந்து புண்ணாகும். முன்னதாகத் தேங்காய் எண்ணெய் தடவுவது உராய்வைக் குறைக்கும்.

நீர், உப்பு, வெயில்

வியர்வையில் நீருடன் உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் ஏற்படலாம். உப்பிட்ட மோர் நீரையும் உப்பையும் சேர்த்துத் தருகிறது. பானகத்தின் வெல்லம் ஆற்றல் தருகிறது. தாகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் குடிப்பதே முறை. விரதமிருப்போருக்கு இது கூடுதல் கவனத்துக்குரியது.

ஓடுபவர் தடுமாறினாலோ, பேச்சு குழறினாலோ வெப்பத்தாக்கு என்று கருத வேண்டும். உடனே நிழலில் கிடத்தி, உடலில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்கத் தாமதிக்கக் கூடாது. இதயநோய், சர்க்கரைநோய், இரத்த அழுத்தம் உள்ளோர் மருத்துவரைக் கேட்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

இடமும் அனுமதியும்

மாவட்டத்தின் மலைக்காடுகளில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. வனத்துறை அனுமதியின்றி அங்கு நுழையக் கூடாது. தோட்டங்களுக்குள் செல்ல உரிமையாளரிடம் கேட்க வேண்டும். இருட்டில் ஓடுவோருக்குப் பாம்புகளையும் வாகனங்களையும் கவனிக்கக் கைவிளக்கு தேவை. தனியே செல்லாமல் ஒருவரையாவது துணைக்கு வைத்துக்கொள்வது, கோவிந்தன்மார் கூட்டமாகச் செல்வதிலிருந்து கற்கத்தக்க மற்றொரு பாடம்.