மூடிய பிறகும் ஓடும் ஆட்டம்

1993 டிசம்பர் 10ஆம் தேதி வெளிவந்த ‘டூம்’ விளையாட்டில், விடைபெறுவதற்கென்றே தனியாக ஒரு திரை இருந்தது. வெளியேறுகிறேன் என்றால், உறுதிதானா என்று ஒருமுறை கேட்கும். ஆம் என்றதும் அரக்கர்களும் துப்பாக்கியும் மறைந்து, 80 எழுத்து அகலத்தில் 25 வரிகள் கொண்ட வண்ண எழுத்துப் பக்கம் ஒன்று வரும். அதற்கும் கீழே சி டிரைவின் பிராம்ப்ட். அவ்வளவுதான், ஆட்டம் போய்விட்டது. அது பிடித்து வைத்திருந்த நினைவகம் அன்றைய இயங்குதளமான டாஸின் கைக்குத் திரும்பிவிட்டது. அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பதைத் தவிர அந்தக் கணினிக்கு வேறு வேலையே கிடையாது.

இன்று ஒரு பெரிய கேமில் ‘எக்ஸிட்’ அழுத்திப் பாருங்கள். திரை மறையும், வால்பேப்பர் தெரியும். ஆனால் சில சமயம் மடிக்கணினியின் ஃபேன் மட்டும் அதே வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும். கேம்களை விற்கும் ஸ்டீம் செயலியைத் திறந்தால் ‘ப்ளே’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்டாப்’ என்று இருக்கும். சரி, மறுபடி ஆடலாம் என்று போனால், கேம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதாகச் செய்தி வரும். எங்கே ஓடுகிறது? கண்ணுக்குத் தெரியாத பின்னணியில்.

முப்பது ஆண்டுகளில் கேம்களின் அழகும் அளவும் எப்படி வளர்ந்தன என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று: ஆட்டம் முடிந்தது என்று சொல்லும் அதிகாரம் அன்று ஆடியவர் கையில் இருந்தது, இன்று அது பல கைகளில் சிதறிக் கிடக்கிறது.

டாஸ் காலத்தில் ஒரு நேரத்தில் ஒரே நிரல்தான் ஓடும். பல கேம்கள் 640 கிலோபைட் என்ற சின்ன இடத்துக்குள்தான் ஓட வேண்டும். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ ஓடுகிறது என்றால் மானிட்டர், கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாமே அதற்குச் சொந்தம். முடியும்போது எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஒப்படைப்பு எப்போதும் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்பீக்கரை நிறுத்த மறந்த கேம் போன பிறகும் ஒரே சுருதியில் ‘கீ’ என்று கத்திக்கொண்டிருந்த சிஸ்டங்கள் உண்டு. சவுண்ட் கார்டு வைத்திருந்தவர்களுக்கு இன்னொரு அனுபவம்: கேம் உறைந்து நின்ற பிறகும் கடைசி அரை நொடி ஓசை திரும்பத் திரும்ப ஒலிக்கும். கீபோர்டு குறுக்கீட்டைத் தன்வசம் எடுத்த கேம் அதைத் திருப்பித் தராமல் செத்துப்போனால், எந்த விசைக்கும் பதில் இருக்காது. அப்போது கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பார்ப்போம். ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி 1981இன் பி.சி.க்காக அமைத்த சேர்க்கை அது. அதுவும் எடுபடாவிட்டால் சிவப்பு சுவிட்ச். மின்சாரம் போனால் எல்லாம் போச்சு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மூடிய பிறகும் தங்கிவிடும் நிரல் என்ற எண்ணமே புதிது என்று நினைக்க வேண்டாம். 1984இல் போர்லாண்ட் நிறுவனம் கொண்டுவந்த ‘சைட்கிக்’ அப்படித்தான் இருந்தது. வேலை முடிந்து பிராம்ப்ட் வந்த பிறகும் நினைவகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். குறிப்பிட்ட விசைகளை அழுத்தினால் எழுந்து வந்து நாட்காட்டியோ கால்குலேட்டரோ காட்டும். ஆனால் அதை அங்கே வைத்தது நாம். ஒரு பெரிய கேமுக்கு இடம் போதவில்லை என்றால், அத்தகைய நிரல்களை ஏற்றாத தனி பூட் ஃப்ளாப்பி ஒன்றை நாமே செய்து வைத்துக்கொள்வோம். எது தங்கியிருக்கிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது ஆடுகிறவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் ஆடவே முடியாது என்ற நிலை அது.

விண்டோஸ் 95 வந்ததும் பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுவது பரவலானது. தொங்கி நிற்கும் நிரலை மட்டும் தனியே முடிக்க ஒரு வழியும் தேவைப்பட்டது. மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த டேவ் பிளம்மர் எழுதிய டாஸ்க் மேனேஜர் 1996இல் விண்டோஸ் என்.டி. 4.0வுடன் வெளிவந்தது. தமிழ்நாட்டு ப்ரௌசிங் சென்டர்களில் ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’, ‘ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.’, ‘வைஸ் சிட்டி’ ஓடிய நாள்களில் அந்தப் பெட்டி எல்லோருக்கும் பழகிவிட்டது. “அண்ணா, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு!” என்று ஒரு பையன் குரல் கொடுப்பான். கவுன்டரில் இருப்பவர் எழுந்துகூட வரமாட்டார். “என்ட் டாஸ்க் குடு தம்பி” என்பார். பட்டியலில் கேமின் பெயர் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியைத் தேர்ந்து முடித்தால் கதை முடிந்தது. கேம் என்பது பெரும்பாலும் ஒரே ப்ராசஸாக, அதாவது ஓடும் ஒரே நிரலாக, இருந்த காலம் அது.

அந்த ஒற்றை வரிதான் காலப்போக்கில் உடைந்தது. 2003 செப்டம்பரில் ஸ்டீம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் ‘ஹாஃப் லைஃப் 2’ வெளியானபோது, கடையில் வட்டு வாங்கியவரும் ஸ்டீமை நிறுவியாக வேண்டியிருந்தது. கேமைத் திறக்க இன்னொரு நிரல் தேவை என்பது அங்கிருந்து வழக்கமாகிவிட்டது. இன்று ஒரே கேமுக்குப் பின்னால் லாஞ்சர், அந்த லாஞ்சருக்குள் ஓடும் பிரௌசர், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள், கேம் விழுந்தால் அறிக்கை அனுப்பக் காத்திருக்கும் கிராஷ் ஹேண்ட்லர், திரைமேல் அரட்டையும் எண்களும் காட்டும் ஓவர்லே என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் பாடகர் மேடையிறங்கியதும் கச்சேரி முடிந்துவிடும். ஆனால் மைக் செட்காரரும் ஜெனரேட்டர்காரரும் பந்தல்காரரும் கிளம்பினால்தான் திடல் காலியாகும். நாம் ‘எக்ஸிட்’ அழுத்தும்போது பாடகர் மட்டும்தான் இறங்குகிறார்.

இதில் பலருக்குத் தெரியாத ஓர் உண்மை உண்டு. விண்டோஸில் தாய் ப்ராசஸ் முடிந்தால் அது பெற்ற பிள்ளைகள் தாமாக முடிவதில்லை. அன்ரியல் எஞ்சினில் செய்த பல கேம்களில் நாம் சொடுக்கும் கோப்பு ஒரு சின்னத் தொடக்கி மட்டுமே. உண்மையான கேம் ‘ஷிப்பிங்’ என்று முடியும் வேறொரு பெயரில் ஓடும். பட்டியலில் முதல் பெயரை மட்டும் பார்த்து என்ட் டாஸ்க் கொடுப்பவர், சின்னதை முடித்துவிட்டுப் பெரியதை விட்டுவிடுகிறார்.

என் அக்கா மகன் கல்லூரி மாணவன். சென்ற ஆண்டு ஒரு விடுமுறையில் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். “சித்தி, கேமை மூடிட்டேன். டாஸ்க் மேனேஜர்ல பத்து தடவ என்ட் டாஸ்க் குடுத்துட்டேன். அப்படியே நிக்குது. ஃபார்மட் பண்ணிடவா?” அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கலங்க வைத்தது. தன் கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அழித்துவிடுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம்.

முதலில் பார்க்க வேண்டியது டாஸ்க் மேனேஜர் காட்டும் சிபியு எண். அந்த ப்ராசஸ் சிபியுவைத் தின்றுகொண்டிருந்தால், கேம் எதையோ செய்துகொண்டே இருக்கிறது: ஒருவேளை முடிவில்லாச் சுற்றில் மாட்டியிருக்கலாம், ஒருவேளை நியாயமாகவே சேவ் கோப்பை எழுதிக்கொண்டோ கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டோ இருக்கலாம். இரண்டாவது என்றால் ஒன்றிரண்டு நிமிடம் பொறுப்பதே நல்லது. அவசரப்பட்டுக் கொன்றால் சேவ் கோப்பு பாதியில் நின்று கெட்டுப்போகலாம். சிபியு பூஜ்யம் என்றால் நோய் வேறு. ப்ராசஸ் எதற்காகவோ காத்திருக்கிறது. அது எதற்கு என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அவன் கணினியில் பூஜ்யம்தான் இருந்தது. டாஸ்க் மேனேஜரின் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ப்ராசஸ்மேல் வலது சொடுக்கினால், ‘என்ட் ப்ராசஸ் ட்ரீ’ என்று ஒன்று வரும். பிள்ளைகளையும் சேர்த்து முடிப்பது அது. கொடுத்தோம். கிராஷ் ஹேண்ட்லர் போனது, கேம் போகவில்லை. அதே மெனுவில் ‘அனலைஸ் வெயிட் செயின்’ என்று இன்னொன்று உண்டு. ப்ராசஸின் எந்த இழை (த்ரெட்) எதற்காகக் காத்து நிற்கிறது என்று காட்ட முயலும். அதிலும் தெளிவாக ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் சந்தேகம், வன்பொருளை இயக்கும் டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு நிரல் ஒலிக்கோ வலைக்கோ டிரைவரிடம் ஒரு கோரிக்கை கொடுத்து, அது திரும்பி வராமல் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அந்த ப்ராசஸை யாராலும் முழுமையாகக் கொல்ல முடியாது. நிர்வாகி உரிமையோடு கட்டளை கொடுத்தாலும் கோரிக்கை திரும்பும் வரை அது பட்டியலில் இருக்கும். அவனிடம் யுஎஸ்பியில் செருகிய ஹெட்செட் ஒன்று இருந்தது, அதற்கென்று தனி மென்பொருளும் இருந்தது. ஹெட்செட்டைப் பிடுங்கச் சொன்னேன். அடுத்த கணமே கேமின் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. கருவியே போய்விட்டதால் தொங்கிய கோரிக்கை ரத்தாகி, ப்ராசஸுக்கு வழி கிடைத்தது. ஹெட்செட் டிரைவரைப் புதுப்பித்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. ஃபார்மட்டுக்கும் வேலை இல்லாமல் போனது.

எல்லாச் சிக்கலும் இவ்வளவு நேரடியாகத் தீராது. ஓவர்லேக்களும், கீபோர்டில் வண்ண விளக்கு காட்டும் மென்பொருள்களும் கேமுக்குள்ளேயே தம் துண்டுகளை நுழைத்து வைக்கின்றன. வெளியேறும் நேரத்தில் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொண்டால் கேம் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் கேமைத் திறந்து மூடிப் பார்ப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை. இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மார்க் ருசினோவிச்சின் ‘ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ இலவசமாகக் கிடைக்கிறது. யார் யாருக்குப் பிள்ளை என்பது அதில் மரமாக விரியும், எந்தக் கோப்பை யார் பிடித்திருக்கிறார் என்பதும் தெரியும்.

ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2020இல் ‘வாலரன்ட்’ கேமோடு வந்த ‘வேன்கார்ட்’, கணினி தொடங்கும்போதே கெர்னல் டிரைவராக ஏறிவிடும்படி அமைக்கப்பட்டது. கேமைத் திறக்காத நாளிலும் அது இருக்கும். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க அது தேவை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. நேர்மையாக ஆடுகிறவர்களுக்கு அது பாதுகாப்புதான். டாஸ்க்பாரின் ஓரத்திலிருந்து அதை அணைக்க வழியும் உண்டு. ஆனால் அணைத்தால், மறுபடி ஆட ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். கணினியை வாங்கியவர் ஆடாத நேரத்திலும் இந்தக் காவலுக்கு உட்பட்டிருப்பது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் பணமும் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கிய கேம் பிடிக்காவிட்டால் 14 நாள்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆடிய நேரம் என்பது ப்ராசஸ் ஓடிய நேரம். இருபது நிமிடம் ஆடிவிட்டு மூடியதாக நினைத்து இரவு முழுவதும் விட்டவருக்குக் காலையில் அந்த உரிமை கேள்விக்குறியாகிவிடும். நம் ஊரில் பல மாணவர்கள் இன்றும் குறைந்த நினைவகம் கொண்ட மடிக்கணினியில்தான் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்து நடத்துகிறார்கள். அங்கே மூடாத ஒரு ப்ராசஸ், அடுத்த நாள் ஆன்லைன் தேர்வைத் தள்ளாட வைக்கும் அளவுக்குக் கனமானது.

அன்று சிவப்பு சுவிட்சை அழுத்தினால் எல்லாம் போய்விடும் என்றேனே, அந்த நம்பிக்கையும் மாறியிருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதியோடு வந்தது. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், நம் நிரல்கள் மூடப்படுகின்றன. கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை மட்டும் வட்டில் எழுதப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. நேற்று குழம்பிப்போன டிரைவர் இன்றும் அதே குழப்பத்தோடு எழுந்து வரலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்று சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களிடம் இந்த வித்தியாசத்தை முதலில் சொன்னாலே பாதிப் பேர் திரும்பிப் போகலாம்.

மைக்ரோசாஃப்டுக்கும் இந்தத் தொல்லை தெரியாமல் இல்லை. 2023இல் விண்டோஸ் 11இன் டாஸ்க்பாரிலேயே என்ட் டாஸ்க் கொடுக்கும் வசதி வந்தது. ஆனால் அது அமைப்புகளுக்குள், டெவலப்பர்களுக்கான பக்கத்தில், அணைத்த நிலையில்தான் வந்தது. கேம் செய்கிறவர்களுக்கோ, சேர்ந்து பிறந்த ப்ராசஸ்களை ஒரே குழுவாகக் கட்டிச் சேர்த்தே முடிக்க உதவும் ‘ஜாப் ஆப்ஜெக்ட்’ என்ற ஏற்பாடு விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே கையில் இருக்கிறது. வாங்கும் கேமின் பெட்டியிலும் கடைப் பக்கத்திலும் எத்தனை ஜி.பி. ராம் வேண்டும், எந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். மூடிய பிறகு எவையெல்லாம் ஓடும், அவற்றை எப்படி நிறுத்துவது என்று அதே இடத்தில் இரண்டு வரி போடச் சொல்லி வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். நான் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.