‘எம்பசியில நமக்கு ஆள் இருக்கு’: விசா லஞ்சக் கதையை நம்பலாமா?

“தம்பி, எம்பசியில நமக்கு ஆள் இருக்கு. ரெண்டு லட்சம் கொடுத்தா விசா கையில!” ரிஷிவந்தியம், சங்கராபுரம் பக்கம் வெளிநாட்டு வேலை தேடும் இளைஞர்களிடம் ஏஜென்ட்கள் அவிழ்த்துவிடும் கதை இது. இதில் எவ்வளவு உண்மை?

லஞ்சம் கொடுத்தால் விசா கிடைக்குமா?

அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் இருந்த அமெரிக்க விசா அதிகாரி ஒருவர், கூட்டாளிகளோடு சேர்ந்து சுமார் 500 விசாக்களை விற்றார். ஒரு விசாவுக்கு 50,000 டாலருக்கு மேல்கூட வசூல் நடந்தது. 2015-ல் அவருக்கு 64 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. டெல்லி பிரெஞ்சு தூதரகத்தில் வேலை பார்த்த இருவர் மீதும் 2022-ல் சிபிஐ வழக்கு பதிந்தது.

இதுபோன்ற செய்திகள்தான் ஊர் ஏஜென்ட்டுக்கு முதலீடு.

மோசடி எப்படி நடக்கிறது?

கணக்கு ரொம்ப சிம்பிள். பத்து பேரிடம் பணம் வாங்குகிறார். அதில் நான்கு பேருக்குத் தகுதியின்படியே விசா கிடைத்துவிடும். “பார்த்தீங்களா, நம்ம ஆள் முடிச்சுட்டார்” என்பார். மீதி ஆறு பேருக்கு “அடுத்த மாசம்” என்ற பதில்தான். லஞ்சம் கொடுத்ததாக நினைப்பவர்கள் போலீஸுக்குப் போகவும் தயங்குவார்கள். அதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

டூரிஸ்ட்டாகப் போய் வேலை பார்க்கலாமா?

கூடாது. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. அது சுற்றிப் பார்க்க மட்டுமே. “அங்க போய் மாத்திக்கலாம்” என்றால் உஷாராகுங்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போனவர்கள் மியான்மரின் மியாவடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள்.

சட்டப்படி எவ்வளவு கொடுக்கலாம்?

பதிவுபெற்ற ஏஜென்ட் அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18% ஜிஎஸ்டியும் வாங்கலாம். மொத்தம் 35,400 ரூபாய். ரசீது கட்டாயம். பதிவு உண்மையா என்பதை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுக்கிறது.

பணம் போய்விட்டால்?

ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே 1930-க்கு போன் பண்ணுங்கள். கையில் கொடுத்திருந்தால் கள்ளக்குறிச்சி மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப் சாட், வாய்ஸ் மெசேஜ், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள்.

“புகார் கொடுத்தா விசா வராது” என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். விசா கொடுப்பது தூதரகம்தான், ஏஜென்ட் அல்ல.